ராக்காயி பேரில் இன்னொரு உடம்பு

வெற்றிலை போடுகிறவள் சீக்கிரம் கிழவியாவாள் என்று எங்கள் டொக்டரய்யா சொல்லும்போதெல்லாம் என் வாயில் ஒரு பதில் வந்து நிற்கும். சொன்னதில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியைக் கூட்டிப் போத்தல் கழுவுகிற மாயாண்டி பதில் பேச ஆரம்பித்தால், மறுநாள் வேறு யாராவது போத்தல் கழுவுவார்கள். ஆகவே தலையை ஆட்டுவேன். அவரும் எனக்குப் புரிந்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்.

லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். சூசைரட்ணம் டொக்டர் அங்கே வந்தது அறுபத்தொன்றாம் வருஷம். ஹட்டன் டவுனில் வளர்ந்தவர். கெட்ட மனிதர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை, மருந்தில் தண்ணீர் கலந்ததில்லை. காலையில் குவாட்டர்ஸுக்குப் பின்னால் கையைக் காலை வீசித் தேகப்பயிற்சி செய்வார். சுருட்டுக் கிடையாது, சாராயம் கிடையாது. அவித்த மரக்கறி, ஒரு முட்டை, படுக்கப் போகும்போது பால். ஐம்பதை நெருங்கியவரைப் பார்த்தால் முப்பத்தைந்து சொல்லலாம். அதை நம் வாயால் சொல்ல வைக்காமல் விடமாட்டார். "மாயாண்டி, எனக்கு என்ன வயசு இருக்கும், சொல்லு பாப்பம்" என்பார். நான் குறைத்துத்தான் சொல்வேன். எனக்கும் வயிறு இருக்கிறது.

அந்த வருஷக் கடைசியில் தோட்டத்தை நடத்துகிற துரை ஒரு உத்தரவு போட்டார். ஐம்பத்தைந்து தாண்டிய பொம்பளை ஆட்களை வேலையிலிருந்து நிறுத்த வேண்டும். பிறந்த பத்திரம் இருக்கிறவர்கள் காட்டலாம். இல்லாதவர்களை டொக்டர் பார்த்து, உடம்பை வைத்து வயது சொல்வார். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயங்களில் யாரிடம் பத்திரம் இருக்கிறது? பார்வைக்குக் கிழவியாகத் தெரிந்த ஏழு பேரைக் கணக்கப்பிள்ளை பொறுக்கி அனுப்பினார். அதில் என் அறைக்குப் பக்கத்துக் காம்பராவில் இருந்த ராக்காயியும் ஒருத்தி.

தோட்டத்துப் பதிவில் பேரை வெட்டினால் வேலை மட்டும் போவதில்லை, காம்பராவும் போகும். பேர் இருக்கிறவர்களுக்குத்தான் கூரை. ராக்காயியின் புருஷன் செத்து வெகு காலமாகிவிட்டது. பெற்றதில் மிஞ்சியது லெட்சுமி ஒருத்திதான். கொழுந்து எடுக்கிற வயது வந்தும் அவளுக்குப் பேர் இல்லை. புதுப்பேர் பதிவதையே தோட்டத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். ராக்காயி பேர் வெட்டுப்பட்டால் தாயும் மகளும் ரோட்டில்தான் நிற்க வேண்டும். இந்தியாவுக்குப் போகலாமென்றால், அங்கே ஊர் எது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

இத்தனைக்கும் அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. விஷக்காய்ச்சலில் லயம் லயமாகச் செத்தார்களே, அந்த வருஷம் பிறந்தவள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்பத்து மூன்று என்று சொன்னால் சிரிப்பார்கள். கன்னம் ஒட்டிப்போய், முன்பல் இரண்டு விழுந்து, மிச்சப் பல் வெற்றிலைக் காவியேறிக் கறுத்துப்போய், தலையில் கூடைக் கயிறு அழுத்துகிற இடத்தில் மயிர் கொட்டித் தடம் விழுந்து, முதுகு முன்னுக்கு வளைந்து. அறுபது என்று யாரும் தயங்காமல் சொல்வார்கள்.

டொக்டர் புதன்கிழமை நான்கு பேரைப் பார்த்தார். பேர் கூப்பிட்டு உள்ளே விடுகிற வேலை எனக்கு. புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டு அது எவ்வளவு நேரத்தில் படிகிறது என்று பார்த்தார். வாயைத் திறக்கச் சொன்னார். குந்தி எழும்பச் சொன்னார். நல்லமுத்து குந்தினாள், எழும்ப முடியாமல் தரையில் கையை ஊன்றினாள். அவளுக்கு ஐம்பது ஆகவில்லை என்று எங்கள் லயத்துக்கே தெரியும். "அறுவது" என்று எழுதினார் டொக்டர். எழுதிவிட்டுப் பிரசங்கம் வேறு.

"வயசு தானா வர்றதில்ல, நீங்க கூப்பிட்டுக்கிறது. வெத்தல, பொகையில, வெறும் தேத்தண்ணி. பொகைக்குள்ள படுக்கிறது, ஈரத்தோட நிக்கிறது. ஒடம்ப இப்பிடி வச்சுக்கிட்டா அது வச்சிருக்குமா?"

நல்லமுத்து அழுதுகொண்டே வெளியே போனாள். அந்த நாலு பேரில் மூன்று பேருக்கு அன்றைக்கே பேர் போயிற்று. மீதி மூன்று பேருக்குச் சனிக்கிழமை என்றார்.

அன்று பின்னேரம் ராக்காயி என் வாசலுக்கு வந்து நின்றாள். பயந்திருப்பாள் என்று பார்த்தால் முகத்தில் ஒரு தெம்பு.

"மாயாண்டிண்ணே, பேச்சியை வரச் சொல்லி மரக்கறி லொறிக்காரன்கிட்டச் சொல்லி அனுப்பியிருக்கேன். வெள்ளிக்கிழம வந்துருவா. அவளக் கூட்டிக்கிட்டுப் போயி டொக்டரய்யா முன்னால நிப்பேன். ரெண்டு பேரும் ஒண்ணாப் பொறந்தவங்க, இவளப் பாத்து என் வயசப் போடுங்கன்னு சொல்வேன்."

பேச்சியம்மா அவளோடு கூடப் பிறந்த இரட்டை. ராக்காயி கொஞ்சம் முந்தி, இவள் கொஞ்சம் பிந்தி. சிறு வயதில் யார் ராக்காயி, யார் பேச்சி என்று பெற்றவளே தடுமாறுவாளாம். பதினான்கு பதினைந்து வயதில், அப்போதிருந்த துரைசானிக்குக் குழந்தை பார்க்க ஒரு பிள்ளை வேண்டுமென்று லயத்துக்கு ஆள் வந்தது. முன்னால் நின்றவளைக் கூட்டிப் போனார்கள். முன்னால் நின்றது பேச்சி. அவ்வளவுதான் விஷயம். அந்தக் குடும்பம் போய் வேறு குடும்பம் வந்து, இப்போது நுவரெலியாவில் ஒரு பங்களாவில் ஆயாவாக இருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் வந்தபோது நானே எழுந்து நின்றுவிட்டேன், யாரோ ஆசிரியை என்று நினைத்து. காலில் செருப்பு, இஸ்திரி போட்ட சேலை, வாய் நிறையப் பல், அடர்ந்த கறுப்பு மயிர். நிமிர்ந்த நடை. ராக்காயி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இவளப் பாத்தா டொக்டருக்கு வெளங்கிரும்ல?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த வெள்ளை மனசை வைத்துக்கொண்டு இந்தத் தோட்டத்தில் எப்படிப் பிழைக்கிறாள்?

"வெளங்கும். மகளக் கூட்டிக்கிட்டு வந்து தங்கச்சின்னு பொய் சொல்றன்னு வெளங்கும்" என்றேன். "ரெண்டு பேரும் பக்கத்துல நின்னியன்னா ஒனக்கு இன்னும் பத்து வயசு கூடத்தான் போடுவாரு."

ராக்காயியின் கை தானாக விட்டுவிட்டது. அவள் தங்கச்சியை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள் போலிருந்தது. பேச்சிக்கும் முகம் சிவந்துவிட்டது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அக்காள் மேல் பாய்ந்தாள்.

"எத்தன தரம் சொன்னேன்! அந்த வெத்தலய விடு, பொகையிலய விடுன்னு. ஒடம்பு வலிக்குதுன்னு சாராயத்த ஊத்திக்காதன்னு. பிள்ளப் பெத்து மூணாம் வாரம் கூடையத் தூக்காதன்னு. கேட்டியா நீ?"

"மலையில பன்னெண்டு மணிக்குப் பசிக்கும்டி" என்றாள் ராக்காயி. சத்தம் போடாமல்தான் சொன்னாள். "அந்நேரம் ஒனக்குச் சோறு வரும். எனக்கு வெத்தலதான் வரும். அத வாயில போட்டா ரெண்டு மணி வரைக்கும் வயிறு கேக்காது."

இத்தனை நாளும் டொக்டரய்யாவுக்குச் சொல்ல என் வாயில் வந்து நின்ற பதில் அதுதான். பேச்சி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடுப்பிலிருந்து புகை காம்பரா முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. மூலையில் நின்ற லெட்சுமிதான் வாயைத் திறந்தாள்.

"டொக்டரய்யா அம்மாவப் பாத்ததே இல்லியே. சின்னம்மா போயி ராக்காயின்னு நின்னா என்னா?"

அடி பாவி மகளே என்று நினைத்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தேன். டொக்டர் புது ஆள். ராக்காயி டிஸ்பென்சரிப் பக்கம் வந்து வருஷக்கணக்காகிறது. பேர் கூப்பிடுகிறவன் நான். கணக்கப்பிள்ளை அந்நேரம் மலையில் இருப்பார். பிடிபட்டால் ராக்காயி பேர் போவது நிச்சயம், அதோடு என் வேலையும் போகும். பிடிபடாவிட்டால் ஒரு கூரை மிஞ்சும். பேச்சி என்னைப் பார்த்தாள், நான் தலையை ஆட்டினேன். தலை ஆட்டித்தானே பழக்கம்.

சனிக்கிழமை விடிந்ததும் வேலை தொடங்கிற்று. லெட்சுமி பச்சைக் கொழுந்து கொண்டுவந்து நசுக்கினாள். ராக்காயி தங்கச்சியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, சாறும் கரியும் சேர்த்து நகக்கண்ணில் அழுத்தித் தேய்த்தாள். இஸ்திரிச் சேலை கழன்று சாயம்போன சேலை ஏறிற்று. கொழுந்தெடுக்கிறவர்கள் கட்டுகிற படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றினார்கள். எல்லாம் ஆன பிறகு ராக்காயி அவள் தலையைப் பார்த்தாள். கொழுந்தெடுக்கிறவள் தலையில் கயிற்றுத் தடம் இல்லாமல் எப்படி?

"பிடுங்கு" என்றாள் பேச்சி.

ராக்காயிக்குக் கை வரவில்லை. லெட்சுமி உட்கார்ந்து, உச்சியில் ஒரு கோடாக, கொத்துக் கொத்தாகப் பிடுங்கினாள். பேச்சி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் ஓடிற்று. ராக்காயி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்காமல் முன்னாலேயே டிஸ்பென்சரிக்குப் போய்விட்டேன்.

மற்ற இரண்டு பேரும் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். மருந்துக்கு வந்த பொம்பளைகளும் ஏழெட்டுப் பேர். பேச்சி வந்து கடைசியில் உட்கார்ந்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். எல்லாருக்கும் யாரென்று தெரியும். ஒருத்தி வாய் திறந்தால் போதும். வீரம்மா என்று ஒரு கிழவி, வாயில் எதுவும் நிற்காதவள், அவளும் இருந்தாள். நான் அவளையே முறைத்துக்கொண்டு நின்றேன். அவள் சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ராக்காயி!" என்று கூப்பிட்டேன். குரல் எனக்கே வேறு மாதிரிக் கேட்டது.

பேச்சி உள்ளே வந்து நின்றாள். டொக்டர் தலையைத் தூக்கிப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

"நீயா? ஒன்ன எதுக்கு அனுப்பினாங்க?"

"தெரியலீங்க ஐயா."

தோலைக் கிள்ளினார், உடனே படிந்தது. வாயைத் திறக்கச் சொன்னார். பல்லைப் பார்த்ததும் அவர் முகம் பூரித்துப்போயிற்று. "வெத்தல போடுறதில்லியா?" "இல்லீங்க." "பொகையில?" "இல்லீங்க." குந்தி எழும்பு என்றார். அவள் குந்தினாள், எழும்பினாள், கை எங்கும் ஊன்றவில்லை. டொக்டர் சும்மா இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவர் கதவைத் திறந்து வெளியே இருந்த பொம்பளைகளை எல்லாம் உள்ளே கூப்பிட்டார்.

"பாருங்க! ஒங்கள மாதிரித்தான் இவளும் கூட சொமக்கிறா. ஒங்கள மாதிரித்தான் லயத்துல இருக்கா. ஒடம்பப் பாருங்க. ஏன்? பழக்கம்!"

பொம்பளைகள் வரிசையாக நின்று பார்த்தார்கள். ஒருத்தி முகத்திலும் ஒரு அசைவு இல்லை. வீரம்மா மட்டும் குலுங்கினாள். அது சிரிப்பா இருமலா என்று தெரியாதபடி இருமிக் காட்டினாள்.

"காலையில என்னா சாப்பிடுவ?" என்று கேட்டார் டொக்டர்.

"முட்டையும்..." என்று ஆரம்பித்துவிட்டாள் பேச்சி. சட்டென்று நிறுத்தி, "ரொட்டியும் தேத்தண்ணியுங்க" என்றாள்.

டொக்டரின் பேனா நின்றுவிட்டது. அவர் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். விரலில் கறை இருந்தது. தலையைக் குனியச் சொன்னார். தடமும் இருந்தது, ஆனால் தோல் சிவந்து புதுசாக இருந்தது. அவர் அதைக் கவனித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பார்வை கீழே இறங்கி அவள் காலில் போய் நின்றது. செருப்புப் போட்டு வளர்ந்த கால். வெடிப்பில்லை. அட்டை கடித்த ஒரு வடுக்கூட இல்லை. கை, தலை எல்லாம் யோசித்த எங்களுக்குக் கால் ஞாபகமே வரவில்லை.

"மாயாண்டி, இவ ஒங்க லயம்தானே? நீ சொல்லு. மலையில ஏறுற கால் இப்பிடியா இருக்கும்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"எங்க லயம்தாங்க, ஐயா. ராக்காயிதான். அட்டை கடிக்காம இருக்க அவ தெனமும் காலு நெறைய சவுக்காரக் கட்டியத் தேச்சுப் பூசிக்கிட்டுத்தான் மலைக்குப் போவாங்க. வந்ததும் சுடுதண்ணியில கழுவுவா. லயத்துல எல்லாரும் அவளக் கேலி பண்ணுவாங்க, பெரிய தொரைசானின்னு."

"ஆமாங்க" என்றாள் வீரம்மா. அந்த ஒரு வார்த்தைக்கு அவளை நான் கடைசிவரை மறக்கவில்லை.

டொக்டர் முகத்தில் அந்தப் பழைய வெளிச்சம் வந்தது. தான் சொன்னது சரி என்று காட்ட ஒரு ஆள் கிடைத்தால் மனிதர்கள் அந்த ஆளை லேசில் விடமாட்டார்கள். "சவுக்காரம்! சுடுதண்ணி! கேட்டீங்களா?" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுதினார். வயது நாற்பது. நல்ல ஆரோக்கியம். எல்லா வேலைக்கும் ஏற்றவள்.

அன்றைக்கு லயத்தில் எங்களுக்குத் தீபாவளிதான். ராக்காயி தங்கச்சியைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. பின்னேர பஸ்ஸில் பேச்சி போகும்போது தலையில் முக்காடு போட்டுக்கொண்டு போனாள். மயிர் வளரும்வரை துரைசானிக்கு என்ன சொல்வாளோ. போகும்போது சிரித்துக்கொண்டுதான் போனாள்.

திங்கட்கிழமை விடிகாலைப் பெரட்டில் வழக்கம்போலப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்தார்கள். ராக்காயி மலை ஏற முடியாதவர்களோடு போய் நின்றாள். இரண்டு வருஷமாக அவளுக்கு அந்தக் கூட்டம்தான். ஃபெக்டரிக்குப் பக்கத்தில் சமமான தரை, எடுக்க வேண்டிய கொழுந்தின் நிறையும் குறைவு. கங்காணி ஆண்டியப்பன் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார்.

"ராக்காயி, நீ இங்க இல்ல. மேமல."

"என்னா கங்காணி, வெளயாடுறீங்களா?"

"டொக்டர் எழுதிட்டாரு. நாப்பது வயசு, எல்லா வேலைக்கும் ஏத்தவன்னு. கணக்கப்பிள்ள கொமருப் பொண்ணுகளோட போட்டுட்டாரு. நா என்னா பண்ண?" ஆண்டியப்பன் அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். அவருக்கும் எல்லாம் தெரியும்.

சொல்லக்கூடியது ஒன்றுதான் இருந்தது, அதைச் சொன்னால் பேர் போகும். ராக்காயி கூடையைச் சரிசெய்துகொண்டு, வயதுக்கு வந்த பெண்களுக்குப் பின்னால் நடந்தாள். மேமலை எங்கள் தோட்டத்திலேயே செங்குத்தான மலை. வெறுங்கையோடு ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும். அவள் நிறையும் ஏறிற்று. கொமருகள் எவ்வளவு எடுக்கிறார்களோ அவ்வளவு அவளும் எடுக்க வேண்டும். சில பெண்கள் தங்கள் கொழுந்தில் ஒரு பிடியை அவள் கூடையில் போட்டார்கள். அது எத்தனை நாளைக்கு முடியும்?

மாரி தொடங்கிய பிறகு அவளுக்கு இருமல் வந்தது. ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதையோரத்தில் உட்கார்ந்துவிடுகிறாள் என்று கூடப் போகிற கொமருகள் சொன்னார்கள். இரவெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்கும். டிஸ்பென்சரியிலிருந்து மருந்தைத் திருடிக்கொண்டு போய்க் கொடுத்தேன். என்ன நோய் என்று தெரியாமல் என்ன மருந்து கொடுப்பது? இருமலுக்குக் கொடுத்தேன், நிற்கவில்லை.

"டொக்டர் பாக்கட்டும்" என்றேன்.

"என்னா பேருல பாக்கச் சொல்ற?" என்று கேட்டாள்.

தோட்டத்து டொக்டர் ராக்காயியைப் பார்த்துவிட்டார். நாற்பது வயது, நல்ல ஆரோக்கியம். இனிமேல் அந்த உடம்பைத்தான் ராக்காயி என்பார். இவள் உடம்பை அவரிடம் காட்ட முடியாது.

ஒருநாள் பின்னேரம் எல்லாரும் போன பிறகு அவள் லெட்சுமியின் தோளைப் பிடித்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குள் வந்தாள். அதற்கு மேல் தாங்கியிருக்கமாட்டாள். டொக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"பேர் என்ன?"

அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். "பேச்சியம்மாங்க."

"எந்த லயம்?"

"இங்க இல்லீங்க. நுவரெலியா. தங்கச்சி வீட்டுக்கு வந்த எடத்துல முடியாமப் போச்சு. ராக்காயின்னு..."

"ராக்காயியோட அக்காவா நீ?" டொக்டர் ஆச்சரியப்பட்டு அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். "ஆமா, கண்ணு ரெண்டும் அப்பிடியே இருக்கு" என்றார். குழாயை வைத்து நெஞ்சைக் கேட்டார். முன்னால் கேட்டார், பின்னால் கேட்டார். அவர் முகம் மாறிற்று. நல்ல மனிதர் என்று சொன்னேனே, குரல்கூடத் தணிந்துவிட்டது.

"நெஞ்சு நல்லா இல்லம்மா. ரொம்பக் கெட்டுப்போயிருக்கு. ஒரே வயித்துல பொறந்தவ, தங்கச்சி எப்பிடி வச்சிருக்கா ஒடம்ப, பாத்தியா? அவகிட்டக் கேட்டுப் படிச்சிருக்கலாம்ல?"

"அவ குடுத்து வச்சவங்க, ஐயா" என்றாள் ராக்காயி.

"குடுத்து வைக்கிறதெல்லாம் இல்ல. பழக்கம்." அவர் மருந்தைக் கலந்து போத்தலில் ஊற்றி அவள் கையிலேயே கொடுத்தார். "இனிமே ஒரு வேலையும் செய்யாத. ஒரு மேடு ஏறக் கூடாது. தங்கச்சி வீட்டுலயே படுத்துக்க. ராக்காயிக்கு நல்ல ஒடம்பு, அவ வேலைக்குப் போயி ஒன்னப் பாத்துக்குவா."

"போவா, ஐயா" என்றாள் அவள்.

மறுநாள் விடிகாலைப் பெரட்டில் ராக்காயி என்று கூப்பிட்டார்கள். அவள் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மேமலைக்குப் போனாள்.